ராஜிக்குப் போகாத வக்கீல்

“உங்களுக்கு ஏழு எருமை இருக்குது. ஏழும் கறவை” என்று வக்கீல் சென்னிமலை கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அங்கமுத்து அதுவரை ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர். இந்த வரிக்கும் பாதி ஆட்டிவிட்டு நிறுத்தினார்.

“எருமைங்களா? ஏனுங்க, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்லீங்களே.”

“அப்பக் கேட்டுட்டுத்தான் இருக்கறீங்க. செரி, மேல படிப்போம்.”

உயர் நீதிமன்றத்துக்குப் போகும் பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். கீழே கைநாட்டு வைப்பவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ‘படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார்’ என்று கடைசியில் ஒரு வரி எல்லாப் பத்திரங்களிலும் வரும். அந்த வரியை மெய்யாக்காமல் சென்னிமலை கைநாட்டு வாங்கமாட்டார். வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். நடுவில் எங்காவது ஒரு பொய்யைச் செருகுவார். கட்சிக்காரர் அதற்கும் தலையாட்டினால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவார். கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணிடம் “உங்க ஊட்டுக்காரர் கலெக்டர் உத்தியோகம் பாக்கறாரு” என்று படித்தபோது, அவள், “இருந்தா நல்லாத்தானுங்க இருக்கும்” என்றாள். அவள் கவனித்துச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று அவருக்குச் சந்தேகம். அன்றைக்கும் முதலிலிருந்து படித்தார்.

குமாஸ்தா ரங்கன் அவரிடம் சேர்ந்து இருபத்துநாலு வருடம் ஆகிறது. “ஒரு கைநாட்டு வாங்கறதுக்குள்ள ரெண்டு டீ ஆறிப்போவுதுங்க” என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

நாமக்கல் கோட்டை ரோட்டில், லாரிக்கான உதிரி பாகம் விற்கும் கடைக்கு மேலே பதினான்கு படி ஏறினால் சென்னிமலையின் அலுவலகம். கீழே பட்டை இரும்பைச் சிமெண்டுத் தரையில் போடும் ஒவ்வொரு முறையும் மேலே மைக்கூடு அதிரும். அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. ஒல்லியான ஆள். கறுப்புக் கோட்டின் இடது முழங்கை இரண்டு முறை ஒட்டுப்போடப்பட்டது. ராசிபுரம் பக்கம் பதினோரு ஏக்கர் பூமி உள்ள குடும்பம். அப்படிப்பட்ட குடும்பத்துக்காரர்கள் பண்ணையாட்களை ‘வா, போ’ என்று கூப்பிடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். சென்னிமலை யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. படியேறி வரும் எவருக்கும் ‘வாங்க’தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம், “அத மாட்டிக்குங்க, இது கோயிலில்லீங்க” என்பார்.

ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘எரநூத்தி இருவத்தாறு வக்கீலு’. அரசியல் சட்டத்தின் இருநூற்று இருபத்தாறாவது பிரிவின் கீழ்தான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடவேண்டும். எந்தப் பேச்சும் அவரிடம் கடைசியில் அந்த எண்ணில் வந்து நிற்கும். பஸ் நிற்காமல் போனால்கூட, “இதுக்கு ஒரு எரநூத்தி இருவத்தாறு போடலாமுங்க” என்பார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அவர் மனைவி சௌந்திரம் அந்த எண்ணை வீட்டுக்குள் சொல்லக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார். “ஊரு கெணத்தையெல்லாம் பாக்கறவருக்குச் சொந்தக் கெணத்துல தூர் எடுக்க நேரமில்லீங்க. மூணு வருசமாச் சொல்றன். நானும் ஒரு மனுப் போட்டாத்தான் ஆவும்போல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

சென்னிமலை வக்கீலாகப் பதிவு செய்துகொண்டது 1953 ஜூலையில். முதல் இருபத்துமூன்று வருடம் அவரும் மற்றவர்களைப் போலத்தான். பாகப்பிரிவினை, வண்டித்தடம், கிணற்றுப் பங்கு, வரப்பைச் செதுக்கிய தகராறு. அந்த வழக்குகளில் ராஜி பேசிச் சமரசம் செய்து வைப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர். அண்ணன் தம்பியை ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, ஒரே செம்பில் மோர் கொடுத்து முடித்துவிடுவார்.

1976 பிப்ரவரி ஐந்தாம் தேதி குமாரபாளையத்திலிருந்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு அந்தப் பதினான்கு படியையும் ஏறி வந்தாள். கைத்தறித் தொழிலாளர் சங்கத்தில் செயலாளராக இருந்த அவள் புருஷன் பொன்னனை முந்தின நாள் நெருக்கடி நிலைக்கால மிசா சட்டத்தில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஏதாவது எழுதிப் போடுங்கள் என்றாள். சென்னிமலை, “இப்ப நேரம் செரியில்லீங்க. கொஞ்ச நாள் பொறுங்க” என்றார். அவள் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

பொன்னன் ஒரு வருடமும் ஆறு நாளும் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் நேரே நாமக்கல்லுக்கு வந்தார். கூட்டாளிகள் யாரோ சொல்லி, தன் மனைவி வந்து போனது அவருக்குத் தெரிந்திருந்தது. கோபமில்லை. தான் நெய்த துண்டு ஒன்றை மேசைமேல் வைத்து, “நீங்க எழுதியிருந்தாலும் நின்னிருக்காதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். நின்றிருக்காது என்பது உண்மைதான். அந்தச் சமயத்தில் பெரிய பெரிய வக்கீல்கள் போட்ட மனுவே நிற்கவில்லை. ஆனால் போட்டுத் தோற்றிருந்தால், தோற்றது என்று எழுதிக்கொள்ளலாம். போடாததை என்னவென்று எழுதுவது? அந்தத் துண்டை அவர் இன்றுவரை தோளில் போட்டதில்லை.

அதற்கடுத்த வாரம் சேலத்துக்குப் போய் அரசியல் சட்டப் புத்தகத்தின் பெரிய பதிப்பை வாங்கிவந்தார். ஐம்பதாவது வயதில் பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி படித்தார். 1978இலிருந்து இன்றுவரை அவர் போட்ட ரிட் மனுக்கள் நாற்பத்தாறு. பத்தொன்பதில் ஜெயித்தார், இருபத்திரண்டில் தோற்றார், ஐந்து நிலுவையில் இருக்கின்றன. விசாரணையில்லாமல் நாலு வருடம் சிறையில் கிடந்தவர்கள், ஒரு வரிக் கடிதத்தில் வேலையை இழந்தவர்கள், பாதை மறிக்கப்பட்ட தெருக்காரர்கள். மெட்ராஸ் சீனியர் ஒருவரிடமும் வழக்குக் கட்டை ஒப்படைக்கமாட்டார். தானே ரயிலேறிப் போய்த் தானே வாதாடுவார். அங்கே அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிலர் வாயைப் பொத்திக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். “சிரிச்சுட்டுப் போறாங்க. சிரிக்கறதுக்குத் தட போட முடியாதுங்க” என்பார்.

இந்த நாற்பத்தாறில் ஒன்றைக்கூட அவர் ராஜியில் முடித்ததில்லை. அண்ணன் தம்பி வழக்கில் எப்படி வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், அது அவர்கள் சொத்து, சட்டம் எல்லோருடைய சொத்து என்பது அவர் கட்சி. “நம்ம ஆபீசுல ராஜின்னு சொன்னா பல்லி கூட வாயத் தொறக்காதுங்க” என்பார் ரங்கன்.

ஓடைக்காட்டு வழக்கு இந்த வரிசையில் பதினேழாவது.

ராசிபுரம் பக்கத்தில் ஓடைக்கரையில் இருக்கும் நாற்பத்தொரு வீட்டுக் குடியிருப்பு அது. எல்லோரும் கூலிக்காரர்கள். ஊருக்கு ஒரே கிணறு. கிணற்றுக்கு மேல் பக்கம், இரண்டு பர்லாங்கில், 1979இல் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில் வந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீர் புளித்து நாறும். அதை மில் ஓடையில் விட்டது. மூன்று வருடத்தில் ஊர்க் கிணறும் அந்த வாடைக்கு வந்துவிட்டது. சோறு வடித்தால் மஞ்சளாக வந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுக்கடுப்பு விடவில்லை.

அங்கிருந்து வந்தவர் பாவாயி. அப்போது நாற்பது வயதிருக்கும். ஒரு புட்டியில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்துவிட்டார். ரங்கன் எழுந்து வெளியே போனார். பாவாயி, “இதைத்தானுங்க குடிக்கறம்” என்றார். வேறு விவரம் தேவைப்படவில்லை.

1983 ஆகஸ்ட் 22ஆம் தேதி மனு தாக்கலாயிற்று. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் இருபத்தோராவது பிரிவில் நல்ல தண்ணீரும் அடங்கும் என்பது சென்னிமலையின் வாதம். பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது, “உங்களுக்கு நாலு பையன்” என்று செருகினார். “ஒரே புள்ளைங்க, சின்னாயி. அஞ்சாவது படிக்கறா. கணக்குல அவதான் மொதோ” என்று பாவாயி திருத்தினார். மெய்யான செய்தியாயிற்றே என்று அதையும் பத்திரத்தில் சேர்த்துவிட்டார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓடைக்காட்டுக்குப் போவார். மற்ற நாளெல்லாம் கோர்ட். ஒரு புட்டி தண்ணீர் பிடித்து, தேதி எழுதி ஒட்டி எடுத்துவருவார். வழக்கு முடியும்போது முப்பத்தேழு புட்டி சேர்ந்திருந்தது. பாவாயி வீட்டில் உட்கார்ந்து வழக்கு எந்த அளவில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு வருவார். அவருக்குச் சோளமோ கடலையோ கொடுத்துவிடுவார்கள்.

1984 பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை. நாமக்கல் கோர்ட் வாசல் டீக்கடையில், மில்லுக்கு ஆஜராகும் வக்கீல் சுப்பையன் அவரைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சட்டக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள்.

“ஏப்பா, மில்லுக்காரர் எறங்கி வாராரு. ஓடைக்காட்டுக்கு மேக்கால, நல்ல தண்ணி இருக்கற எடத்துல, முன்னூறு அடி போர், மோட்டாரு, மேல ஒரு தொட்டி. திருச்செங்கோட்டுல ரிக்கு வண்டிக்குச் சொல்லியாச்சு. நீ ‘ம்’னு சொன்னாப் போதும், திங்கக்கெழம தண்ணி.”

“மனு?”

“வாபஸ் வாங்கிக்க. வேறென்ன.”

“அந்த ஓடையில கீழ பதினெட்டு மில்லு இருக்குது சுப்பையா. அங்கெல்லாம் யாரு போர் போடறது?”

“நீ வழக்குப் போட்டது நாப்பத்தோரு ஊட்டுக்கு.”

“நான் போட்டது இருவத்தொண்ணாவது பிரிவுக்கு.”

“இருவத்தொண்ணாவது பிரிவு தண்ணி எறைக்குமா?” சுப்பையன் டம்ளரைக் கீழே வைத்தார். “அவசரமில்லப்பா. போயி அந்தச் சனத்தக் கேட்டுட்டு வா. ஒரு வாரம் கழிச்சுச் சொல்லு.”

“கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ராஜி இல்ல.”

அன்றைக்கு அவருக்கு மனசு லேசாக இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் அந்தப் பெண்ணிடம் சொன்ன ‘பொறுங்க’வை இன்றைக்குச் சொல்லவில்லை, பயந்து பின்வாங்கவில்லை என்று பட்டது. வழக்கு நாட்குறிப்பில், ‘எதிர்த்தரப்பு ராஜி பேசியது. மறுக்கப்பட்டது’ என்று எழுதினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடைக்காட்டுக்குப் போனபோது இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமில்லை. சொல்வதற்கு அதில் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மில்லுக்காரர் அதற்குப் பிறகு இறங்கி வரவில்லை. முப்பத்தேழு வாய்தா. இடையில் நிபுணர் வந்து பார்த்தார், அறிக்கை கொடுத்தார், அதற்கு ஆட்சேபம், ஆட்சேபத்துக்குப் பதில். அரசாங்கத்திடம் கைபம்பு கேட்டு ஓடைக்காட்டார் இரண்டு முறை மனுக் கொடுத்தார்கள். ‘வழக்கு நிலுவையில் இருப்பதால் நடவடிக்கை எடுக்க இயலாது’ என்று இரண்டு முறையும் ஒரே வாசகத்தில் பதில் வந்தது. கிணற்றைக் கைவிட்டு, ஒன்றேகால் மைல் தூரத்தில் ஒரு தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். கரண்டு இருக்கும் நேரத்தில்தான் எடுக்க முடியும்.

1988 டிசம்பர் எட்டாம் தேதி தீர்ப்பு வந்தது. நாற்பத்தொரு பக்கம். சென்னிமலை சொன்னதையெல்லாம் நீதிபதி ஏற்றுக்கொண்டிருந்தார். சுத்திகரிக்காத தண்ணீரை ஓடையில் விடக்கூடாது, ஓடைக்கரையில் இருக்கும் எல்லா மில்லுக்கும் இது பொருந்தும் என்று உத்தரவு. சிரித்த வக்கீல்கள் வந்து கை கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அந்தத் தீர்ப்பைக் காட்டி மூன்று ஊர்க்காரர்கள் தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள்.

தீர்ப்பின் நகல் 20ஆம் தேதி தபாலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாளே, புதன்கிழமை, கோர்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினார். ஊரைக் கூட்டி உட்காரவைத்து, நாற்பத்தொரு பக்கத்தையும் வரி வரியாகத் தமிழில் படித்தார். செருகல் எதுவும் இல்லாமல் படித்தது அன்றைக்குத்தான்.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் பாவாயி, “அப்பக் கெணத்துல நல்ல தண்ணி எப்பங்க வரும்?” என்றார்.

“ஓடை சுத்தமாகி, மழை பேஞ்சு ஊறி வரோணுமுங்க. ஏழெட்டு வருசமாகும்னு இஞ்சினீரு சொல்றாரு.”

“ஏழெட்டு வருசமுங்களா” என்றார் பாவாயி.

அப்போது சின்னாயி தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரண்டு குடத்தோடு வந்தாள். மணி பதினொன்று. சென்னிமலை சாதாரணமாக, “ஏஞ்சாமி, இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?” என்று கேட்டார்.

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். சின்னாயியும் சிரித்தாள். “பள்ளிக்கூடமா? அது நின்னு அஞ்சு வருசமாச்சுங்களே.”

முப்பத்தேழு முறை அந்த ஊருக்கு அவர் வந்திருக்கிறார். வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்கும் பெண் தண்ணீர் எடுப்பதில் வித்தியாசமாக என்ன இருக்கிறது?

வீட்டுக்குத் திரும்பி நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். ஆறாவதில் சேர்க்கவேண்டியது 1984 ஜூனில். சுப்பையன் டீக்கடையில் பேசியது அதே வருடம் பிப்ரவரியில். நடுவில் நாலு மாதம் கூட இல்லை. ரிக் வண்டி வர ஒரு வாரம், தோண்ட இரண்டு நாள், தொட்டி கட்ட ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டாலும், பள்ளிக்கூடம் திறக்கும்போது ஊரில் தண்ணீர் இருந்திருக்கும். இந்தக் கணக்கை அவர் மூன்று முறை போட்டுப் பார்த்தார் என்று சௌந்திரம் சொல்கிறார். அவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது அவருக்கு இப்போதும் நிச்சயமாகத் தெரியாது. கேட்காமல் விட்டது மட்டும் நிச்சயம். ஏழு எருமை இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவருக்கு, போர் வேண்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

சுப்பையனைப் பார்த்து, “இப்பக் கேட்டாப் போட்டுத் தருவாரா?” என்று விசாரித்தார். சுப்பையன் இல்லையென்று தலையாட்டினார். மில்லுக்காரர் மெஷினைக் கழற்றி அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய்விட்டார். கைபம்பு கேட்டு சென்னிமலையே ஒரு மனு எழுதிக்கொடுத்தார். வரிசையில் அறுபத்து நாலாவது என்று பதில் வந்தது.

பாவாயியிடம் சொல்வதை ஒரு மாதம் தள்ளிப்போட்டார். 1989 ஜனவரி 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, புட்டியில்லாமல், கோட்டில்லாமல் ஓடைக்காட்டுக்குப் போனார். பாவாயி கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கட்டிலோரத்தில் வைத்துவிட்டு, கதவோரம் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் எத்தனையோ முறை வாங்கிக் குடித்திருக்கிறார்.

“பாவாயம்மா, ஒரு விசயம் சொல்லோணும். எம்பத்து நாலுல, மாசி மாசம், டீக்கடையில வெச்சு...”

“போர் சமாச்சாரமுங்களா?”

“உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க. அந்த வாரமே தெரியும். கெழங்கு லாரி ஓட்டறானே காத்தான், அவன் மில்லுல கேட்டுட்டு வந்து சொன்னான். போர் போட்டுத் தாரன்னாங்களாம், உங்க வக்கீலு வேண்டாம்னுட்டாராம்னு.”

“அப்பறம் ஏனுங்க எங்கிட்டக் கேக்கல?”

“கேக்கலாம்னுதான் வந்தனுங்க. பங்குனியில. பஸ்ஸேறி வந்து படியெல்லாம் ஏறிட்டன். நீங்க எங்க கேசத்தான் எழுதிட்டிருந்தீங்க. மத்தியானச் சோத்து டப்பா அப்பிடியே இருந்துச்சு. இத்தன பாடு படறவரு வேண்டாம்னுட்டா, அதுல நமக்குத் தெரியாதது என்னமோ இருக்கும்னு தோணுச்சு. கேட்டா உங்கள நம்பலைங்கற மாதிரி ஆயிருமேன்னு, கடலக்காயக் குடுத்துட்டு வந்துட்டன்.”

அந்த நாள் அவருக்குத் தெரியும். 1984 மார்ச் 19, திங்கட்கிழமை. ‘ஓடைக்காடு பாவாயி வந்தார். காரியம் ஒன்றுமில்லை. நிலக்கடலை கொடுத்தார்’ என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறது. அவரிடம் உள்ள முப்பத்தாறு நாட்குறிப்புகளில் இதைவிடத் தவறான பதிவு வேறு இருக்காது.

“அன்னிக்கு நான் கேட்டிருந்தா என்னங்க சொல்லியிருப்பீங்க?”

பாவாயி யோசித்தார். அவரை நோகடிக்காமல் சொல்ல ஒரு வழி தேடினார் போலிருந்தது. கிடைக்கவில்லை.

“போட்டுக்கலாமுங்கன்னுதான் சொல்லியிருப்பம். அப்பச் சின்னாயி பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. ஒரு வருசம் நிறுத்தி வெப்போம், கேசு முடிஞ்சதும் சேத்தலாம்னு நெனச்சம்.” பிறகு, “மத்த மூணு ஊருக்கு நல்லதாச்சுன்னு சொல்லிக்கறாங்களே. அதுவும் நல்லதுதானுங்க. அங்கயும் புள்ளைங்க இருக்குமில்லீங்க” என்றார்.

அதில் குத்தல் இல்லை. பொன்னன் பேச்சிலும் குத்தல் இருந்ததில்லை.

வெளியே சின்னாயி குரல் கேட்டது. “அம்மோவ், பத்தாகப் போவுது. கரண்டு வந்துட்டா அந்தப் பக்கத்தூருச் சனம் வந்து வரிசையில நின்னுக்கும்.”

“வாரன், வாரன்.” பாவாயி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். நாலு குடம். இரண்டைச் சின்னாயி எடுத்துக்கொண்டாள், இரண்டை அவர் எடுத்துக்கொண்டார். “இருங்க சாமி. ஒரு நட போயிட்டு வந்தர்றம். தண்ணி குடிங்க.”

தாயும் மகளும் ஒருவர் பின் ஒருவராக ஓடைத்தடத்தில் இறங்கி, மில் இருந்த இடத்தைத் தாண்டிப் போனார்கள். வெறுங்குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

சென்னிமலை கட்டிலை விட்டு எழுந்தார். செம்பை எடுத்துக்கொண்டு, வாசலுக்கு உள்ளே மணைமேல் இருந்த பானையருகே குனிந்தார். மூடியை நகர்த்தினார். செம்பின் விளிம்புக்குக் கீழே இடது உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தபடி, ஒரு சொட்டும் வெளியே போகாமல், தண்ணீரைப் பானைக்குள் திரும்ப ஊற்றினார்.